எதிரொலி பிடிக்கப் போனவன்

நான் லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஒரு கட்டடத்தின் குழிக்குள் இறங்கினால், சாயங்காலம் வேறொரு கட்டடத்தின் மோட்டார் அறையிலிருந்து வெளியே வருவேன். வாழ்க்கையில் எவ்வளவோ ஏறியிருக்கிறேன், அதே அளவுக்கு இறங்கியும் இருக்கிறேன். மொத்தத்தில் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று என் மகள் சொல்வாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி, சரியாகத்தான் இருக்கும்.

வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் அம்மா இறந்த பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். போன விடுமுறைக்கு வந்தவளைக் குஷிப்படுத்த ஒரு பெரிய கடை வளாகத்துக்கு அழைத்துப் போனேன். லிஃப்ட்டில் ஏறினோம். கதவு எங்கேயோ லேசாக உரசியது. எந்த மாடியில் உரசுகிறது என்று பார்க்க மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தேன். கண்டுபிடித்து வெளியே வந்தபோது கடைகளில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையே அவள் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே அவள் வயதுப் பிள்ளைகள் உண்டு, அரட்டை உண்டு. இங்கே நான் உண்டு.

இந்த விடுமுறைக்கு வந்தவளையும் ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவதாகச் சித்தி சொல்லியிருந்தாள். இப்படியே போனால் கொஞ்ச நாளில் அவளுக்கு விடுமுறை என்றாலே சித்தி வீடு என்று ஆகிவிடும். என்னோடு இருந்தாலும் பொழுது போகும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்குக் காட்டியாக வேண்டும். அதனால் செல்போனில் தேடினேன். வெட்டவெளியில் மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். எல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்வது போலத்தான் தெரிந்தது. விடுமுறை என்றால் அதுதானே.

முதலில் மேகம் பார்த்தோம். பூங்காவில் புல்லில் மல்லாந்து படுத்து, எந்த மேகம் எது மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவள் குதிரை என்றாள், ஒட்டகம் என்றாள். நான் பஞ்சு என்றேன். அடுத்த மேகத்துக்குள் தூங்கிப்போனேன். என் குறட்டை தாங்காமல் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டதாம்.

அடுத்தது நத்தைப் பந்தயம். மழை விட்டதும் மதில் சுவரில் ஆளுக்கு ஒரு நத்தையைப் பிடித்து விட்டோம். அவளுடையது நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. என்னுடையது ஓட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

“விடுப்பா. அதுக்கு வெளியே வரப் பிடிக்கலை போல. உன் ஜாதிதான்” என்றாள் மகள். சிரிக்காமல் சொன்னாள், அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை கடைசி முயற்சியாக எதிரொலி தேடப் போனோம். ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. விளிம்பிலிருந்து தள்ளி நின்று கத்தினால் எதிர்ப்பாறை பதில் சொல்லும். அவள் “ஹோ” என்றாள். பாறையும் அழகாக “ஹோ” என்றது.

“இப்போ நீ கத்துப்பா.”

எனக்கு என்ன கத்துவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் உரக்கக் கத்திய வார்த்தை ஒன்றுதான். லிஃப்ட்டை நகர்த்துவதற்கு முன்னால் குழிக்குள் யாராவது நிற்கிறார்களா என்று மேலேயிருந்து கேட்போம். அதைத்தான் கத்தினேன்.

“ஆள் இருக்கா?”

“இருக்கா?” என்றது பாறை.

தொழில் புத்தி விடுமா? குழிக்குள் நிற்பவன் காதில் அந்தக் கேள்வி விழுந்தால் உடனே பதில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் உயிர் போய்விடும். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“இருக்கேன், நகத்தாதே.”

“நகத்தாதே” என்று திரும்பி வந்தது. ஒருவன் நகர்த்தாதே என்று சொல்லிவிட்டால் அவன் வெளியே வரும்வரை எதையும் தொடக்கூடாது. நான் கையைத் தூக்கியபடி அசையாமல் நின்றேன்.

“ஏம்ப்பா இப்படி நிக்கிறே?”

“இரு, உள்ளே ஆள் இருக்கு.”

“யாரு?”

சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அசடு வழிய நின்றாலும் எனக்குள் பெருமை தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சித்தி போன் செய்தாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயைக் கொஞ்சம் மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நாளைக்கு வரலை சித்தி” என்றாள் மகள். “இல்ல, போரெல்லாம் அடிக்கலை. அப்பாதான்... இங்கே தனியாவே பேசிக்கிறாரு சித்தி. சட்டையை எங்கே வச்சேன்னு அவரே கேட்டு, அவரே பதில் சொல்லிக்கிறாரு. இன்னிக்கு ஒரு பாறைகிட்ட பேசிட்டு நிக்கிறாரு. நான் ரொம்பச் சிரிச்சேன். அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் இங்கேயே இருக்கேன்.”

எனக்கு அவமானமாக இருந்தது. வேடிக்கை காட்டி அவளை நிறுத்திவைக்கப் பார்த்தவன் நான். அவளோ என்னைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். நான் தனியாகப் பேசுவது யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன். அவமானத்தோடு சேர்ந்து சந்தோஷமும் வந்தது, அதை மறைக்கத் தெரியாமல் கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, வந்த நாளிலிருந்து பெட்டியிலேயே கிடந்த துணிகளை எடுத்து அவள் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.