இடது ஓரம்

என்டரைத் தட்டுமுன் மூச்சை அடக்கிக்கொள்வாள் பிரிண்டர் அக்கா. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. அதைத் தட்டிவிட்டால் எல்லா மாடிகளிலும் உள்ள பிரிண்டர்கள் சொன்ன பேச்சைக் கேட்கும்: இரண்டு பக்கமும் அடி, கறுப்பு மட்டும், இந்த அளவுத் தாள். "மவுஸைப் புடிச்சுக்கிட்டு ஜன்னல் ஜன்னலா தொறக்கறது கெஞ்சுற வேலை. நான் உத்தரவு போடுறவ" என்பாள்.

பழைய வழக்குகளின் ஆவணங்களுக்கு நகல் எடுத்துத் தரும் அலுவலகம் அது. தன் அறையிலிருந்த இரண்டு பிரிண்டர்களுக்கு அவள் வைத்த பெயர்கள் இருமல்காரன், ஊமைச்சி. தாள் சிக்கினால், "தொண்டையில என்னடா?" என்று கேட்டுக்கொண்டே உருவுவாள்.

அதே அறையில், பக்கத்து நாற்காலியில், அதே வேலையைப் பார்த்தவர் அவள் கணவர். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அவருடைய தாளுக்கு மட்டும் தனி ஏற்பாடு: ஒரு பக்கம்தான் அச்சு, பென்சிலால் குறிப்பெழுத இடது ஓரத்தில் மூன்று விரல் அகலம் வெற்றிடம். "ஊருக்கெல்லாம் ஒண்ணு, இந்த மனுஷனுக்கு ஒண்ணு" என்று அலுத்துக்கொண்டே செய்து கொடுத்தவள் அவள்தான்.

அவர் போன பிறகு அலுவலகம் முழுக்கத் தாள்கள் அப்படியே வர ஆரம்பித்தன. வலது பக்கத்து எழுத்துகள் விளிம்பைத் தாண்டி விழுந்தன. நகலில் ஒருவருடைய பெயர் பாதியோடு நின்றது. டைப்பிஸ்ட் பெண் பிரிண்டர் பக்கம் தனியாகப் போவதையே விட்டுவிட்டாள். "சார் இன்னும் போகலக்கா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அக்காவுக்குக் காரணம் தெரியும். அவருடைய ஏற்பாட்டைத் தன் தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். அழுத கண்ணோடு உட்கார்ந்தவள், தன் பெயரில் நுழையாமல் அட்மினாக நுழைந்து அந்த வரியை அடித்துவிட்டாள். அட்மின் சொன்னால் அது எல்லோருக்கும் சட்டம். திருத்துவது ஒரு வரி வேலை. ஆனாலும் மனசு வரவில்லை. அவர் விட்டுப்போனவற்றில் இன்னும் உயிரோடு நடமாடுவது அது ஒன்றுதான்.

நேற்று மேலாளரே வந்து நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இன்னைக்குச் சரியாகலேன்னா வெளியாளைக் கூப்பிடச் சொல்லிட்டாங்க."

"வேணாம் சார். வேற யாரும் அதுல கை வைக்க வேணாம். நானே அழிச்சுடறேன்."

அழித்தாள். இருமல்காரனிடம் ஒரு சோதனைத் தாள் அனுப்பினாள். முழு அகலத்துக்கும் எழுத்து வந்தது. மாடியிலிருந்து, "சரியாயிடுச்சுக்கா!" என்று குரல் கொடுத்தார்கள். அச்சு வரிசையில் வேறு எதுவும் காத்திருக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கணினியை அணைத்தாள்.

திரை இருண்டதும் ஊமைச்சி தானாக விழித்துக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. யாரும் அனுப்பாத தாள். ஒரு பக்கம்தான் அச்சு. இடது ஓரத்தில் மூன்று விரல் வெள்ளை.

டைப்பிஸ்ட் பெண் வாசலுக்கு ஓடினாள். "அக்கா, வாங்க, வெளியே வந்துடுங்க!"

அக்கா எழுந்திருக்கவில்லை. சூடு ஆறாத தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கமாக நகர்த்திப் போட்டு, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டாள்.