கோயில் வாசலில் நவமணி கேட்டரிங்

லூனாஸ் வட்டாரத்தில் நவமணியிடம் பெயர் அட்டை வாங்காதவர்கள் இரண்டே வகை. ஒன்று, கைக்குழந்தைகள். இன்னொன்று, பாடையில் படுத்துப் போனவர்கள். பாடைக்குப் பின்னால் நடந்து போனவர்கள் வாங்கியிருப்பார்கள். துக்க வீட்டில் ஒரு மூச்சு அழுது, மூக்கைத் துடைத்து, அந்தக் கைக்குட்டையை மடிக்கும்போதே, "பதினாறாம் நாளு சாப்பாட்டுக்கு யாருகிட்டயாவது சொல்லிட்டீங்களா அக்கா?" என்று மெல்லக் கேட்பாள். அட்டை கைமாறிவிடும். அழுததும் பொய்யில்லை, அட்டை கொடுத்ததும் தப்பில்லை என்பது அவள் கட்சி.

அட்டையில் கொட்டை எழுத்தில் 'நவமணி கேட்டரிங்' என்று இருக்கும். அந்தப் பெயர் மேல் அவளுக்கு அப்படி ஒரு மோகம். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. தோட்டத்தில் அவள் ரப்பர்ப் பால்மரம் வெட்டும் அப்பளசாமியின் மகள். கல்யாணத்துக்குப் பிறகு லாரிக்காரர் முனியாண்டியின் வீட்டுக்காரி. குளிமில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து சில்லுகளைப் பார்த்தாள். அங்கே கழுத்தில் தொங்கிய அட்டையில் எண்தான் பெரிதாக இருந்தது, பெயரைப் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும். தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது வந்த கடிதம்கூட அந்த எண்ணுக்குத்தான் வந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் வீட்டுக்கு வந்தவள், பின்கட்டில் ஷீட்டு போட்டு, பெரிய அடுப்பு இரண்டு வாங்கி வைத்தாள். கை மணம் இருந்தது. பெயர்தான் ஊருக்குத் தெரியவேண்டும்.

முதல் வேலையாக வீட்டு கேட்டின் மேல் விளக்கு எரியும் போர்டு ஒன்றை மாட்டினாள். ஆறடி நீளம், சிவப்பும் மஞ்சளும். எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் திரைச்சீலையை இழுத்து மூடித் தூங்கிப் பார்த்துவிட்டு, மஜ்லிஸுக்குப் போன் போட்டுவிட்டார். மஜ்லிஸ் என்பது நகராண்மைக் கழகம். ஊரில் தெருவிளக்கிலிருந்து தெருநாய் வரைக்கும் அதற்குத்தான் அதிகாரம், போர்டுக்கும் அதற்குத்தான்.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள், இது குடியிருப்புப் பகுதி, வீட்டில் சமைத்து விற்பதற்கு அனுமதி உண்டு, கேட்டில் சின்னதாக ஒரு தகடு வைத்துக்கொள்ளலாம், கடை போர்டு கூடாது.

"அப்ப முக்குல இருக்குற பல் டாக்டரு மட்டும் வீட்டவிடப் பெரிய பல்லு மாட்டி வச்சிருக்காரே?" என்று நவமணி மலாயில் கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கணினித் திரையைத் திருப்பி ஒரு வரைபடத்தைக் காட்டினாள். வீடுகள் மஞ்சள், கடைகள் நீலம், தோட்டங்கள் பச்சை. பல் டாக்டர் நீலத்தில் இருந்தார், நவமணி மஞ்சளில். நடுவில் ஒரு தெருதான், ஆனால் அந்தத் தெருவைத் தாண்டினால்தான் போர்டு. நவமணி விடாமல் தன் வீட்டிலிருந்து விரலை நகர்த்தி, மெயின் ரோட்டைப் பிடித்து, முத்துமாரியம்மன் கோயில் இருக்கும் வளைவு வரைக்கும் போனாள். அங்கே கோயிலைக் காணோம். வெறும் பச்சைதான் இருந்தது. தோட்டத்தை வீடு கட்ட விற்று இத்தனை வருடமாகியும், அந்த மூலை இன்னும் எண்ணெய்ப்பனை நிலமாகவே படத்தில் கிடந்தது. கோயிலைக்கூட இவர்களுக்கு ஒழுங்காக வரையத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போர்டைக் கழற்றி அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்தாள். தகடு மாட்டினாள். அந்தத் தகட்டைப் பார்த்துச் சாப்பாடு சொல்ல வந்தவர் யாரும் இல்லை. தபால்காரரே அதைக் கவனிக்கவில்லை. மனசு ஆறவில்லை அவளுக்கு.

வழி அம்மனே காட்டினாள் என்று அவள் சொல்லிக்கொண்டாள். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. தலைவர் காளிதாசன், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், உபயக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார். உபயம் என்றால் நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும். அந்தக் கோயிலில் பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் எல்லாம் கொடுத்தவர் பெயர் இருக்கும். உட்காருகிறவர்கள் யார் மேலாவது சாய்ந்துதான் உட்காரவேண்டும். சாம்பார் வாளியில் பெயர், காற்றாடியில் பெயர், கழிவறைக் கதவில்கூட ஒரு குடும்பமே பெயரைக் கொடுத்திருந்தது. மெயின் ரோட்டில் போகிறவர்களுக்குக் கோயில் இருப்பது தெரியவில்லை, வளைவில் ஒரு வழிகாட்டிப் பலகை வேண்டும் என்று காளிதாசன் சொன்னதுதான் தாமதம்.

"நான் செய்யறேன் தலைவரே," என்றாள் நவமணி. "பலகை என் உபயம்."

பலகை எட்டடிக்கு நாலடி. மேலே ஒரு அம்புக்குறி, பக்கத்தில் அடக்கமாகக் கோயில் பெயர். அதற்குக் கீழே எறும்பு அளவில் 'உபயம்'. மீதி இடம் முழுக்க நவமணி கேட்டரிங், தொலைபேசி எண், வாழையிலைச் சாப்பாட்டுப் படம். போர்டில் மலாய்தான் பெரிதாக இருக்கவேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மதிக்கிறவள், அதனால் மலாயை மேலே பெரிதாகவும் தமிழை அதற்கடுத்தும் போட்டாள். அம்மன் கோயில் பலகை என்பதால் ஆட்டிறைச்சிப் பிரட்டல் படத்தைப் போடவில்லை. அந்த அளவுக்குப் பக்தி இருந்தது.

காளிதாசன் கிட்டே போய்ப் பார்த்தார். "அம்மன் பேரு கொஞ்சம் சின்னதா இருக்கோ?" என்றார்.

"அம்மாவ யாருக்குத் தெரியாது தலைவரே? என்னைத்தான் லா தெரியாது."

மனிதர் சிரித்துவிட்டார். பலகை கோயில் வேலிக்கு உள்பக்கமாக, சாலையைப் பார்த்து நின்றது. நின்ற மறுவாரமே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. குளிமிலிருந்து கல்யாண நலங்கு, சுங்கைப்பட்டாணியிலிருந்து தொழிற்சாலை விருந்து, எங்கோ மெர்போக்கிலிருந்து புதுமனை புகுவிழா. "போர்டுல பாத்தோம், நவமணி அக்காதானே?" என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்கும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தால் முதலில் பலகைக்கு முன் நின்று ஒரு பார்வை, தூசி இருந்தால் முந்தானையால் ஒரு துடைப்பு, அப்புறம்தான் அம்மன். முனியாண்டி ஒருமுறை, "போர்டுக்கும் ஒரு சூடம் கொளுத்திடேன்," என்று கேலி செய்தார். அவள் முறைத்தாள்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூஜைக்குக் கூட்டம் சேர்ந்திருந்த நேரத்தில், மஜ்லிஸ் லாரி ஒன்று வளைவில் வந்து நின்றது. சாலையோரம் அனுமதியில்லாமல் நிற்கிற விளம்பரங்களை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். வட்டிக்குப் பணம் தருகிறவர்கள், ஏர்கான் கழுவுகிறவர்கள், வழுக்கைக்கு மருந்து விற்கிறவர்கள், எல்லோருடைய பலகைகளும் லாரியில் கிடந்தன. இறங்கி வந்த அதிகாரி திவாகரன், நம் ஆள்தான். கூட ஒரு மலாய்க்கார இளைஞன், கையில் கேமரா போன்.

திவாகரன் அளவெடுக்கும் டேப்பை இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யாரு போர்டு?" என்றார்.

காளிதாசன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். அவருக்கு ஒரே தைரியம், கோயில் விஷயத்தில் மஜ்லிஸ் கை வைக்காது என்று. "கோயில் போர்டு சார். கோயில் நெலத்துலதான் நிக்குது. இந்த அம்மாவோட உபயம்," என்றார் கம்பீரமாக.

"கோயில் நெலமா?" திவாகரனின் குரல் தாழ்ந்தது. "அப்ப நோட்டிஸு நெலத்துக்காரங்க பேருக்குத்தான் போகணும். நெலம் யாரு பேருல இருக்கு தலைவரே? கிராண்ட் இருக்கா?"

கிராண்ட் என்றால் நிலப் பட்டா. கிராண்ட் என்ன, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எந்தக் காலத்திலோ தோட்டத்துத் துரை வாயால் சொன்னது, பாட்டாளிகள் கையால் கட்டினது. மலாய்க்கார இளைஞன் பலகையும் கோபுரமும் ஒன்றாக விழும்படி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

நவமணிக்கு அப்போதுதான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. வளைவில் கோயிலே இல்லாத பச்சை. வரையத் தெரியாமல் விட்டதில்லை அது. கணக்கில் இந்த இடத்தில் கோயிலே கிடையாது. இதுவரை யாரும் திரும்பிப் பார்க்காததால் அம்மன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது நோட்டிஸ் போனால் கோப்பு ஒன்று திறக்கும், நிலத்துக்காரன் யார் என்று தேடுவார்கள், தேடினால் தோட்டத்தை வாங்கின கம்பெனி வரும். ஐயோ, என் பேருக்கு ஆசைப்பட்டு அம்மன் வாசலுக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேனே என்று நினைத்தாள்.

"சார்," என்று குறுக்கே வந்தாள். "தலைவருக்கு ஒன்னும் தெரியாது. போர்டு என்னுது. கோயிலக் கேக்காம நானா நட்டுக்கிட்டேன்."

"என்னம்மா பேசற நீ?" காளிதாசன் பதறினார். அவளைக் காப்பாற்றுகிறாராம். "சார், கும்பாபிஷேகத்துக்கு இந்த அம்மா மனசாரக் குடுத்தது. கமிட்டியே உக்காந்து ஒத்துக்கிட்டது. நல்ல ஆத்மா சார்."

"தலைவரே, சும்மா இருங்க!"

"எதுக்குமா சும்மா இருக்கணும்? உபயம்னு போர்டுலயே போட்டிருக்கே!"

"உபயமாவது மண்ணாவது!" நவமணி கத்தினாள். மணி அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். "அது பேருக்குப் போட்டது. பாருங்க, கண்ணுக்குத் தெரியுதா அந்த எழுத்து? இது என் யாவார விளம்பரம். வீட்டுல மாட்ட விடலன்னு இங்க கொண்டாந்து நட்டேன். அம்மன் பேரச் சொன்னா யாரும் கேக்கமாட்டாங்கன்னுதான் நட்டேன். போதுமா?"

கோயிலைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். சொல்லி முடித்தபோது பார்த்தால், கோயிலைக் கேட்கவில்லை என்ற அந்த ஒன்றைத் தவிர அதில் பொய்யே இல்லை. கூட்டம் அவளையே பார்த்தது. அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன.

திவாகரன் அவளை ஒருமுறை பார்த்தார், கோபுரத்தை ஒருமுறை பார்த்தார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. "அப்ப போர்டு ரோட்டு ஓரத்து அரசாங்க நெலத்துலதான் நிக்குது. அப்படித்தானேக்கா?"

பலகையின் கால்கள் வேலிக்கு இரண்டடி உள்ளே இருந்தன. கண் உள்ள யாருக்கும் தெரியும்.

"ஆமா சார். ரோட்டு ஓரம்தான்."

அவர் மலாய்க்கார இளைஞனைக் கூப்பிட்டு, போர்டை மட்டும் கிட்டத்தில் எடு, பின்னால் உள்ளது வேண்டாம் என்றார். சமன், அதாவது அபராதச் சீட்டு, நவமணியின் பெயருக்கு எழுதப்பட்டது. அரசாங்கக் காகிதத்தில் அவள் பெயர் அவ்வளவு தெளிவாக வந்தது அதுவே முதல் தடவை. பலகை வழுக்கை மருந்துக்கு மேல் ஏறிப் போய்விட்டது.

அன்றைக்கே ஊர் பேச ஆரம்பித்தது. அம்மன் பேரை வைத்து யாவாரம் பண்ணினவள், வாயாலேயே ஒத்துக்கொண்டவள் என்று பேசினார்கள். துக்க வீட்டில் அவள் கைக்குட்டையை மடித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். கையில் இருந்த கல்யாணம் ஒன்று நழுவிப் போயிற்று. காளிதாசனிடம் மட்டும் அந்தப் பச்சை விஷயத்தைச் சொன்னாள். மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாருகிட்டயும் நான் உண்மைய சொல்லிடறேன்மா," என்றார்.

"என்னன்னு சொல்லுவீங்க? கோயிலுக்கு நெலம் இல்ல, நவமணி காப்பாத்துனான்னா? சாயங்காலத்துக்குள்ள பேஸ்புக்குல வந்துரும். பேசாம நெலத்துக்கு மனு போடற வழியப் பாருங்க தலைவரே."

அவர் வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து, மாநில நில அலுவலகம் இருக்கும் அலோர் ஸ்டாருக்கு நடையாய் நடக்க ஆரம்பித்தார். அது இன்னும் முடிந்தபாடில்லை.

ஆடித் திருவிழா வந்தது. அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு, காய்கறி, சமையல் எல்லாம் நவமணி. இந்தத் தடவை அவளாகப் போய்க் கேட்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. காளிதாசன் ஒலிபெருக்கியில் உபயக்காரர்களை வரிசையாக வாசித்தார். பந்தல் இன்னார், பூ இன்னார், மேளம் இன்னார். அன்னதானம் என்றதும் குரல் தடுமாறி, "பக்தர் ஒருவர்," என்று முடித்தார். கொட்டகையில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்த நவமணிக்குச் சுருக்கென்று வலித்தது. பெரிய மனசெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. அந்த மைக்கைப் பிடுங்கி நானே சொல்லிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. முனியாண்டி அவள் தோளைத் தொட்டுவிட்டு வாளியைத் தூக்கிக் கொடுத்தார்.

பந்தியில் பினாங்கிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டு, விரலை நக்கினாள். "என்னா ருசி! மக கல்யாணத்துக்கு இப்படி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருக்கேன். யாரும்மா இந்தச் சாப்பாட்டு உபயம்?"

நவமணியின் இடது கை தானாக இடுப்புக்குப் போயிற்று. கைக்குட்டைக்குள் அட்டை இருந்தது. பக்கத்து இலைகளில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"தெரியலம்மா," என்றாள். "நான் பரிமாற வந்தவ. சூடா இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க."

வாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.