சின்ன ரைட்டரின் இறகுகள்

எங்கள் காப்பி எஸ்டேட்டில் காலை ஏழு மணிக்கு மஸ்டர். அலுவலகத்துக்கு முன்னால் இருந்த சில்வர் ஓக் மரத்தடியில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நான் பேர் கூப்பிட்டு வருகையைக் குறித்துக்கொண்டு, யார் எந்தக் காட்டுக்குப் போவது என்று பிரித்து அனுப்புவேன். நான் அங்கே ரைட்டர். சேலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு எழுபதுகளின் நடுவில் ஏற்காடு ஏறியவன். பனியில் நடந்து தாமதமாக வருகிறவர்களைப் பார்த்து வழக்கமாக ஒன்று கேட்பேன்: "இப்பத்தான் விடிஞ்சுதாக்கும்?" அதைச் சொல்லும்போது என் மூக்கு ஓர் இழுப்பு இழுக்கும். அப்படி ஓர் இழுப்பு எனக்கு உண்டு என்பதே கிளி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கும்போது ஒரு பொந்திலிருந்து விழுந்த குஞ்சு அது. வெள்ளக்கடைப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். சாமைக் கஞ்சியை விரலில் தொட்டு ஊட்டி அவள்தான் பிழைக்கவைத்தாள். கூண்டு நான் வாங்கினேன். இன்றைக்குக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். அன்றைக்குக் குற்றமாகத் தோன்றவில்லை என்பதை ஒரு சமாதானமாக நான் சொல்ல வரவில்லை.

மஸ்டர் மரத்தின் கிளையில் கூண்டு தொங்கியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் காட்டுக்குப் போவார்கள். "என்ன கண்ணு, சாப்பிட்டயா?" என்பார்கள். இரண்டாம் வருஷம் அது பேச ஆரம்பித்தது. முதலில் அந்தப் பெண்ணின் இருமல். அடுத்தது, மூக்கிழுப்போடு என் வாக்கியம். ஆட்கள் அதற்குச் சின்ன ரைட்டர் என்று பேர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒருநாள் வயிற்றுக்கோளாறினால் மஸ்டருக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். சேலத்திலிருந்து முதலாளி முன்னறிவிப்பில்லாமல் வந்து, ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஆட்கள் நாற்பது பேரும் அமைதியாக நின்றார்கள். நான் மரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் கூண்டிலிருந்து என் குரலே கேட்டது.

"இப்பத்தான் விடிஞ்சுதாக்கும்?"

முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏனுங்க ரைட்டரே, அது நம்மளவிட நல்லாவே வேல பாக்குதுங்க! பேசாம அதுகிட்டயே பேனாவக் குடுத்துப்போடுங்க" என்றார். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு திட்டு வாங்கியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் கூண்டைக் கழற்றிக்கொண்டுபோய் ஸ்டோர் கொட்டகையில் மாட்டினேன். உர மூட்டைகளும் செடிக்கு அடிக்கும் மயில்துத்த மூட்டைகளும் அடுக்கிய இடம் அது. கையகல ஜன்னல் ஒன்றுதான். பூனை நடமாட்டம் இருக்கிறது என்று ஆட்களிடம் சொன்னேன். மனைவியிடமும் அதையே சொன்னேன்.

பத்து நாள் கழித்துக் கூண்டின் அடியில் பச்சை இறகுகளைப் பார்த்தேன். இறகு மாற்றுகிறது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதன் நெஞ்சில் தோல் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது குனிந்து, ஓர் இறகை வேரோடு இழுத்து, சின்னதாகக் கத்தி, கீழே போட்டது. பிறகு அடுத்த இறகைத் தேடியது. வலிக்கிறது என்று தெரிந்தும் செய்கிற வேலையாக இருந்தது அது.

கூண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைப் பக்கம் வைத்தேன். பறிப்பது நிற்கவில்லை. ஏற்காட்டில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மாடு பார்க்கிறவர், இருந்தாலும் கிளியைப் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலில் பூச்சி எதுவும் இல்லை என்றார்.

"எப்பருந்து இப்படிப் பண்ணுதுங்க? எடம் கிடம் மாத்துனீங்களா?"

எந்த நாளிலிருந்து என்று எனக்குத் தெரியும். "கவனிக்கலைங்க" என்றேன்.

அடுத்து நான் செய்ததைக் காப்பித் தோட்டத்தில் காலம் தள்ளியவன் மட்டும்தான் செய்திருப்பான். ஏதாவது உதிர்ந்தால் பூச்சி. பூச்சி என்றால் மருந்தடி. அதைத் தாண்டி என் புத்தி போகவில்லை. மருத்துவர் பூச்சி இல்லை என்று சொல்லியும், பூச்சியாகவே இருக்க வேண்டும் என்று விரும்பினேன். பூச்சியாக இருந்தால் நான் காரணமில்லை அல்லவா? செடியில் அசுவினி விழுந்தால் புகையிலையை ஊறவைத்துச் சோப்புக் கரைத்து அடிப்போம். அதையே பாதியாக நீர்க்கவைத்து, கைத்தெளிப்பானில் ஊற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளியின் மேல் அடித்தேன்.

ஐந்து நிமிடத்தில் அது கம்பியிலிருந்து விழுந்தது. கால்கள் வெட்டி இழுத்தன. வாயில் நுரை வந்தது. என் மனைவி ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அதைத் திரும்பத் திரும்ப அலசினாள். துண்டில் சுற்றி அடுப்பருகே மடியில் வைத்துக்கொண்டாள். மதியத்துக்கு மேல்தான் அது கண்ணைத் திறந்தது. அதற்குப் பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, கிளியும் காப்பிச் செடியும் ஒண்ணுன்னு நீங்க படிச்ச பி.ஏ.ல எழுதியிருந்துச்சுங்களா?"

நான் தெளிப்பானைக் கொண்டுபோய்க் குப்பையில் எறிந்துவிட்டு வந்தேன்.

"அது ஊட்டுக்கு வந்ததுலருந்து பாக்கறன். காலைல ஏழு மணியானா ஜன்னலப் பாத்துப் பாத்துக் கத்துது. அப்பறந்தான் பிய்க்க ஆரம்பிக்குது. அந்த நேரத்துக்கு அங்க என்ன நடக்கும்ங்க?"

"மஸ்டர்" என்றேன். பிறகு பூனை எதுவும் இல்லை என்று சொன்னேன். முதலாளி சிரித்ததைச் சொன்னேன். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்கள் கொஞ்சம்தான், அந்தப் பூனை அதில் ஒன்று. அவள் திட்டவில்லை. "அதுக்கு உங்க கொரல் புடிச்சிருந்துச்சுங்க. அதனாலதான் பேசுச்சு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை கூண்டைத் தூக்கிக்கொண்டு மஸ்டருக்குப் போனேன். பழைய கிளையிலேயே மாட்டினேன். பாதி கூண்டுக்குச் சாக்குப் போட்டிருந்தேன், பயந்தால் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று. உரித்த கோழிபோல நெஞ்சும் தோளுமாக அது நின்றதைப் பார்த்து, அதை வளர்த்த அந்தப் பெண் கிட்டே வந்தாள்.

"நொம்ப எளைச்சுப் போச்சுங்களே. பூனையாங்க புடுங்குச்சு?"

"இல்லைங்க. நாந்தான்" என்றேன். நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்வது நினைத்திருந்ததைவிடச் சுலபமாக இருந்தது.

"நீங்க சொன்னதத்தானுங்க அது சொல்லுச்சு" என்றாள். சாயங்காலம் போகும்போது பட்டையோடு ஒரு கொய்யாக் கிளையை ஒடித்துவந்து கூண்டில் செருகினாள்.

மெதுவாகத்தான் குணமானது. சோளத் தட்டை, மக்காச்சோளக் கதிரின் தோல், மரப்பட்டை என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து செருகினார்கள். வாய்க்கு வேலை இருந்த நேரத்தில் அது தன்னைத் தொடவில்லை. குளிருக்காக என் மனைவி பழைய சாக்ஸ் ஒன்றை வெட்டி அதற்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டாள். ஒரே காலையில் அதை நார்நாராகக் கிழித்துவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம்: "சாக்ஸத்தானுங்க பிச்சுது, தன்னப் பிய்க்கல!" அதற்குப் பிறகு என் சாக்ஸ் ஒன்றுகூட ஜோடியாக இருந்ததில்லை. புதிதாக ஒரு தெளிப்பான் வாங்கி, வெயில் ஏறியதும், அது குளிக்கட்டும் என்று வெறும் தண்ணீர் தெளித்தேன். முதல் இரண்டு வாரம் தெளிப்பானைக் கையில் எடுத்தாலே அது சாக்குக்குப் பின்னால் ஓடி நடுங்கியது. அந்த நடுக்கத்தைத் தினமும் நின்று பார்த்தேன். பிறகு ஒருநாள் சிறகை விரித்துக் காட்டியது.

தோளில் ஊசி ஊசியாகக் குருத்துகள் வந்தன. காப்பிப் பூ பூத்து உதிர்ந்த சமயத்தில் தோளும் வயிறும் பச்சையாகிவிட்டன. நெஞ்சின் நடுவில் மட்டும், பெருவிரல் வைத்தால் மறைகிற அளவு இடத்தில், இறகு வரவேயில்லை. வேர் செத்துவிட்டது என்றார் மருத்துவர். அன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

கிளி மறுபடி பேசியது. இருமியது. ஜீப் ஸ்டார்ட் ஆகாமல் திணறும் சத்தத்தைச் செய்தது. "சாப்பிட்டயா கண்ணு" என்று எல்லோரையும் கேட்டது. என் வாக்கியத்தை மட்டும் அது சொல்லவேயில்லை. நானும் அதை யாரிடமும் கேட்பதை விட்டிருந்தேன். ஒருநாள் காலை வேண்டுமென்றே கால் மணி நேரம் தாமதமாகப் போய்க் கூண்டுக்கு நேராக நின்றேன். அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் காத்திருந்தேன். வரிசை முழுவதும் காத்திருந்தது.

கடைசியில் அந்தப் பெண்தான் மூக்கை இழுத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏனுங்க ரைட்டருங்க, இப்பத்தான் விடிஞ்சுதாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிளி நகர்ந்து வந்து தலையைக் கம்பியோடு ஒட்டி வைத்தது. நான் விரலை விட்டு அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தேன். நெஞ்சின் அந்த இடத்தின் மேல் என் விரல் படாமல் பார்த்துக்கொண்டேன்.