மாமாவின் ஒல்லாந்துக் கோட்டை

என் மாமா இருந்தாரே, அம்மாவின் தம்பி, அவருக்கு ஒல்லாந்து தேசத்தில் ஒரு சின்ன ஊரின் பழங்கதை முழுவதும் தெரியும். சொந்த ஊர்க் கதை ஒன்றும் தெரியாது. இரண்டாயிரமாம் ஆண்டும் பிறந்து, கடல் கடந்து வந்து பனி கொட்டுகிற கோட்-டெ-நெய்ஜில் நாலாம் மாடியில் இருக்கிற இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் பங்குச் சுவாமியின் குசினியில் அவர் சமையல். சுவாமி ஒல்லாந்துக்காரர். சாப்பிட உட்கார்ந்தால் தான் பிறந்த ஊரைப் பற்றியே கதைப்பாராம். பிரபு ஒருவர் சந்தை கூட்ட உரிமை கொடுத்தது, ஊரைச் சுற்றி மதில் எழுப்பி அகழி வெட்டியது, மாலை மணி அடித்ததும் வாசலைச் சாத்துவது எல்லாம் மாமா கேட்டுவந்து எங்களிடம் ஒப்புவிப்பார்.

"அகழிக்குள்ள முதலை இருந்ததோ மச்சான்?" என்பார் ஐயா, என் தகப்பனார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான். அந்தக் குளிருக்கு முதலை தாங்குமே?"

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வாத்தியார் ஆளுக்கொன்று பாடமாக்கச் சொன்னார். எனக்கு யாழ்ப்பாணக் கோட்டையின் சரித்திரம். நன்றாகச் சொன்னால் நாலாம் வகுப்பு, இல்லையென்றால் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டு இரு என்று ஐயா தீர்த்துச் சொல்லிவிட்டார். கோட்டையோ ஒல்லாந்தருடையது. ஒல்லாந்தரைப் பற்றி மாமாவை விட்டால் யாருக்குத் தெரியும்? அவரும் தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கிழமையாக எனக்குச் சொல்லித்தந்தார்.

நானும் தடக்காமல் சொன்னேன். "ஒரு குளிர்காலத்தில் அகழித் தண்ணீர் கல்லாய் இறுகியது. எதிரிகள் அதன்மேல் நடந்து வந்தார்கள். ஊர்ப் பெண்கள் கோடாலியால் கொத்திப் பிளந்தார்கள்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாழ்ப்பாணத்திலயோ பிள்ளை?"

"ஓம் சேர்."

"ஆர் உனக்கு உதைச் சொன்னது?"

வகுப்பே சிரித்தது. வெளுத்த வேட்டியோடு மாமா யன்னலுக்கு வெளியே நின்றார், நான் சொல்வதைக் கேட்க வந்திருந்தார். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. பிழை விட்டேன் என்று தலைகுனியவும் மனமில்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை சேர். நான் கண்டனான்."

அத்தோடு என் படிப்பு முடிந்தது. வாத்தியார் வீட்டுக்கே வந்து பொய்க்காரி என்றார். ஐயா தம்பியைத் தூக்கி என் இடுப்பில் வைத்தார். இப்போது மகன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற லொங்குய் ஊருக்குப் பாலத்தால் காரில் கூட்டிப்போகும்போது ஆறு இறுகிக் கிடப்பதைக் காண்கிறேன். கண்டனான் என்று இன்றைக்குச் சொன்னால் பொய்யில்லை. கேட்கத்தான் அந்த இன்ஸ்பெக்டர் இல்லை.

மாமா பிறகு அந்தக் கதையை எடுக்கவேயில்லை. என்னோடும் அதிகம் பேசவில்லை. எவ்வளவு பெரிய வெட்கத்திலிருந்து காப்பாற்றினேன், நன்றியில்லாத மனிதர் என்று நானும் வருடக்கணக்காய் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன்.

இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்: யார் சொன்னது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது மாமா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து நின்றார், ஒரு கை பாதி உயர்ந்திருந்தது. ஒளிக்க நினைக்கிறவர் அப்படி நிற்பாரா? குசினிக்காரனிடம் அதுவரை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. மருமகள் தன்னைக் காட்டுவாள், உள்ளே கூப்பிடுவார்கள், அது எங்கட சுவாமியின் ஊர் சேர் என்று விளங்கப்படுத்தலாம் என்று காத்து நின்றிருக்கிறார். என் படிப்பும் தப்பியிருக்கும். அவருடைய கதையை நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது அந்த எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.