பராகுவே பஸ்ஸில் நான் ஆட்டிய தலை

என் கணவரை நடுவழியில் விட்டுவிட்டுப் போனவள் நான். அதை மறைத்துவிட்டு இந்தச் சாட்சியில் ஆண்டவர் செய்ததை மட்டும் சொன்னால், சகோதரரே, அது பொய்ச்சாட்சி ஆகிவிடும்.

போன வருடம் நாங்கள் இருவரும் முதுகில் பையோடு பராகுவே நாட்டை பஸ்ஸில் சுற்றினோம். கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில் எல்லோரும் லண்டன், கனடா என்று போக, இவருக்கு மட்டும் யாரும் போகாத நாடு வேண்டும். எனக்குத் துளியும் விருப்பமில்லை. வழிநெடுக அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே போனேன்.

அன்று காலை அவர் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். "உங்கட விசர் ஆசைக்கு நான் ஏன் இந்தப் புழுதி தின்ன வேணும்?" என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டார். பஸ்ஸிலும் பின்சீட்டில் தனியாகப் போய் இருந்தார். பிஸ்கட், தண்ணீர், அவருடைய போன் எல்லாம் முன்னால் இருந்த என்னிடம்.

ஆளில்லாத ஒரு சந்தியில் பஸ் நின்றபோது அவர் இறங்கி, ஒதுங்குவதற்காக ரோட்டோரப் பற்றைப் பக்கம் போனார். கண்டக்டர் அவருடைய சீட்டைக் காட்டி என்னவோ கேட்டான். வருவாரா என்று கேட்கிறான் போல. 'ஆம்' என்பதற்கு, ஓம், ஓம் என்று நாங்கள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவோமே, அப்படி ஆட்டினேன். முகமும் கடுகடுவென்று இருந்தது. அங்கே அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். பஸ் புறப்பட்டது. பின்கதவால் ஏறியிருப்பார் என்று நினைத்தேன். கோபத்தில் திரும்பியும் பார்க்கவில்லை.

அரை மணித்தியாலம் கழித்துத்தான் பார்த்தேன். சீட் காலி.

கத்திக் கூப்பிட்டு பஸ்ஸை நிறுத்தினேன். என் பாஷை யாருக்கும் விளங்கவில்லை. கொளுத்தும் வெயில், வெறும் வயிறு, உடம்பில் இன்சுலின்; சீனி இறங்கினால் மயங்கி விழுந்துவிடுவாரே. வீட்டைப் பூட்டும் திறப்புத் தொலைந்தால்கூட கொட்டாஞ்சேனைக் கோவிலுக்குப் போய், தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரிடம் கேட்கிறவள் நான். அந்தப் புழுதியில் முழங்காலில் விழுந்தேன். "அந்தோனியாரே, மனுசனைத் துலைச்சிட்டன். எனக்காக ஆண்டவரிட்டக் கேளுங்கோ."

அழுது முடியவில்லை, பின்னால் ஒரு பிக்கப் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. முன்சீட்டில் அவர், கையில் பாதித் தோடம்பழம். தள்ளாடி நின்றவரைக் கண்டு ஒரு விவசாயியும் மனைவியும் பழம் கொடுத்து ஏற்றி வந்திருக்கிறார்கள்.

அவர் ஏசவில்லை. "வேணுமெண்டுதான் விட்டிட்டுப் போறீர் எண்டு நினைச்சன். அதான் பஸ்ஸுக்குப் பின்னால ஓடி வரேல்லை" என்றார்.

ஆண்டவர் அவரை உயிரோடு தந்தார். ஆனால் அவரை அப்படி நினைக்க வைத்தவள் நான்தான். இப்போது வாயை அடக்கப் பழகுகிறேன். சில நாள் தோற்றும் போகிறேன்.

நம்பிக் கேளுங்கள், தருவார். ஆனால் வீட்டில் யாரோடாவது கதைக்காமல் இருந்தால், ஜெபிக்க முன்னம் போய் அவரோடு கதையுங்கள்.