பெரட்டும் ஆராதனையும்

எஸ்டேட் டிஸ்பென்சரிகளுக்கு வரவிருக்கும் இளைய நர்சுகளுக்காக இதை எழுதுகிறேன். மருந்தோடு சபைக் கமிட்டியிலும் உங்களுக்கு ஓர் இடம் கொடுப்பார்கள்.

1. முதல் ஞாயிறு

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது சனிக்கிழமை. மறுநாள் தோட்டத்து வேதக்கோயிலுக்குப் போனேன். ஜெபம் முடிந்ததும் சபை மூப்பர் ஞானமுத்து எழுந்தார். தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் வேலையாட்களைக் கூப்பிடுவதுபோல, சபையாரின் பெயர்களை மனப்பாடமாகக் கூப்பிட்டார். இருந்தவர்கள் "இருக்கேன்" என்றார்கள். வராதவர்களுக்கு அந்த மாதம் இராப்போஜனம் என்ற திருவிருந்து கிடையாது.

வார நாட்களில் அவர் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை வாங்கும் கங்காணி. ஞானஸ்நானம் பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல குரல். கோயில் கூரைக்கான தகரத்தில் பாதியை அவரே சுமந்து ஏற்றினாராம். மூணாற்றிலிருந்து மாதம் ஒருமுறை வரும் போதகர் அந்த ஆர்வத்தைப் பார்த்து மூப்பராக முன்மொழிய, கமிட்டியும் கை தூக்கிவிட்டது.

பிந்தி வருகிறவர்களுக்குப் பாதிக் கூலி எழுதுவதை அங்கே அரைப்பேர் என்பார்கள். வெளியே வரும்போது யேசுதாஸ் என்ற தொழிலாளி, "ஆறு நாளும் கங்காணி, ஏழாம் நாளும் கங்காணியா? ஆண்டவரே பிந்தி வந்தாலும் அரைப்பேருதான் போடுவாரு நர்சம்மா" என்றார். கர்ப்பிணியான அவர் மனைவி எஸ்தர், "சும்மா வாங்க, அவரு காதுல விழப்போவுது" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

2. எஸ்தர்

எட்டாம் மாதம் பரிசோதனைக்கு வந்தாள். கண்டவை: கால் வீக்கம், முக வீக்கம், தலைவலி, கூடிய ரத்த அழுத்தம். சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சினேன், வெள்ளையாகத் திரைந்தது. ஆல்புமின், ஜன்னிக்கு முன்னறிகுறி. செய்ய வேண்டியவை: உப்பைக் குறைப்பது, படுத்திருப்பது, திங்கட்கிழமை தோட்டத்து ஜீப்பில் மூணாறு ஆஸ்பத்திரிக்குப் போவது.

"கோயிலுக்கு மட்டும் போய்க்கிடட்டுமா? பேரு கூப்பிடுவாவ. பிரசவத்துக்கு முன்ன இராப்போஜனம் எடுக்கணும்" என்றாள். கோயில் மேட்டு உச்சியில் இருந்தது. கூடாது என்றேன்.

ஞானமுத்துவிடமும் போய், வலிப்பு ஜன்னி வந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது கஷ்டம் என்று விளக்கினேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் தலைவலிம்பாவ. விசுவாசம் இருந்தா ஏறி வரட்டும் நர்சம்மா."

நீங்களே அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போய் அவளுக்காக ஜெபிக்கலாமே என்றேன்.

"மூப்பன் வீடு வீடாப் போனா மதிப்பாவளா?" என்றார்.

அந்த ஞாயிறு நான் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ஒரு பிரசவத்தில் இருந்தேன். யேசுதாஸுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு வேலை. எஸ்தர் தனியாக மேடேறிப் போயிருக்கிறாள். பெயர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்றிருக்கிறாள். அடுத்த பாட்டு முடிவதற்குள் ஜன்னி கண்டு விழுந்தாள். ஜீப் மூணாறு போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. பிள்ளையும் வயிற்றிலேயே போயிற்று. கோயில் சுவரோரம் அடக்கம் செய்தார்கள்.

3. அடுத்த ஞாயிறு

ஞானமுத்து வழக்கம்போலக் கூப்பிட்டார். பழகிய வாய் தானாக ஓடி, "எஸ்தர்" என்று சொல்லிவிட்டது.

யேசுதாஸ் எழுந்தார். குரல் உயரவில்லை.

"வந்துட்டா கங்காணி. வெளிய சொவரோரமாக் கெடக்கா. முழுப்பேரே போட்டுக்கிடும்."

ஞானமுத்து நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அதன்பின் அந்தக் கோயிலில் யாரும் பெயர் கூப்பிடவில்லை. மறுநாள் அவர் டிஸ்பென்சரிக்கு வந்து, "ஆண்டவருக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் நர்சம்மா" என்றார். அது உண்மை என்றே நினைக்கிறேன்.  அந்த வாரமே மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டார்.

4. கமிட்டியில் கேட்க வேண்டியவை

குரலும் உழைப்பும் ஒரே நாளில் தெரிந்துவிடும். மூப்பராக ஒருவர் பெயர் வரும்போது அவற்றை மட்டும் பார்த்துக் கை தூக்காதீர்கள். இவற்றைக் கேளுங்கள்:

அ. ஒருவர் குறை சொன்னால் என்ன செய்கிறார்?
ஆ. சட்டமும் மனுஷரும் எதிரெதிரே நின்றால் எதை விட்டுக்கொடுக்கிறார்?
இ. வராதவரின் பெயரைக் கூப்பிடுகிறாரா, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறாரா?

ஆல்புமினைக் காய்ச்சிப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆவிக்குரிய முதிர்ச்சிக்கு அப்படியொரு சோதனை இல்லை; காத்திருந்துதான் பார்க்க வேண்டும். ஞானமுத்துவுக்குப் பெரட்டைத் தவிர வேறு ஒழுங்கு தெரியாது. அவர் கற்றுக்கொள்ளும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

இப்போது அவருக்குப் பதவி எதுவும் இல்லை. ஆராதனை முடிந்ததும் லயங்களில் இறங்கி, வராதவர்களைப் பார்த்துவிட்டு வருகிறார். யேசுதாஸ் எந்த ஞாயிறும் கோயிலுக்கு வருவதில்லை. ஞானமுத்து அந்த வீட்டு வாசல்வரை போய், பெயர் சொல்லிக் கூப்பிடாமல், சற்று நின்றுவிட்டுத் திரும்புகிறார்.