காற்றில்லாமல் சுற்றிய சக்கரம்

மாட்டுத் தொட்டியின் மிதவை மேல் கல்லை வைத்துவிட்டுப் போகிறவனை என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டால், நான் சொல்லும் பதிலை அச்சில் போட முடியாது. இந்தப் பண்ணையின் தண்ணீரெல்லாம் என் பொறுப்பு. மெக்சிகோ எல்லைக் கம்பியில் கிளம்பி கனடா வரைக்கும் நடக்கிறேன் என்று வருகிற கூட்டம், எங்கள் நியூ மெக்சிகோ பாலையில் மாட்டுக்கு வைத்த தண்ணீரைக் குடித்துத்தான் உயிரோடு வடக்கே போகிறது. குடிக்கட்டும், வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. தொட்டியில் பாசி மிதக்கும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் மூலையில் இருக்கிற பெட்டியைத் திறந்து மிதவையைக் கையால் அமுக்குவார்கள். குழாயில் நல்ல தண்ணீர் வரும். கையை எடுத்தால் நின்றுவிடும். கை வலிக்கிறது என்று கல்லை வைத்தால்தான் வினை. அதை எடுக்க மறந்தால், பக்கத்துப் பெரிய தொட்டியில் காற்றாலை இறைத்துச் சேர்த்து வைத்த தண்ணீரெல்லாம் விடிவதற்குள் மண்ணோடு போய்விடும்.

எலோயிசா அக்காவை அப்படி ஒரு கல்தான் சாவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறை அக்காவின் ராஜ்ஜியம். அவள் கையால் பீன்ஸும் மிளகாயும் தின்று வளர்ந்தவன் நான். தட்டில் மிச்சம் வைத்தால் கரண்டியால் மண்டையில் ஒரு போடு விழும். புருஷன் பெனீத்தோ செத்துப் போன பிறகு வசந்த காலத்தில் நடைக்காரர்களுக்குச் சோறு போடுவதுதான் அவளுக்கு வேலை. மூக்குத்தோல் உரிந்து, கால் கொப்பளித்து வருவார்கள். இவள் கொல்லையில் கூடாரம் போட்டுத் தங்கி, ரொட்டி தின்றுவிட்டுப் போவார்கள். வருஷா வருஷம் அவர்களை அனுப்பி வைத்தவளுக்கு, தானும் நடக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஓய்வு பெற்றதும் பையை மாட்டிக்கொண்டாள். தபால் ஆபீசுக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறவள் கனடாவுக்குப் போகிறாளாம் என்று ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

துணைக்குத் தம்பி ருமால்தோவை இழுத்துக்கொண்டாள். பெண்டாட்டி விரட்டிவிட்டதில் அவன் அக்கா வீட்டு சோபாவில் வந்து விழுந்து கிடந்தான். ஆள் கெட்டவன் இல்லை, வாய்க்கொழுப்பு அதிகம், எதிலும் அவசரம். ஜூன் மாதம், காற்று செத்துக் கிடக்கிற நேரம். மூன்றாம் நாளே இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. அவள் நின்று நின்று நடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. "உன்கூட நடந்தா கனடா போறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்க்கா, நான் முன்னாடி போய் நெடுஞ்சாலைல உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். அவளும், தொலைஞ்சா சரி என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஒரு மேட்டில் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. நடைக்காரர்களின் போனில் ஒரு வரைபடம் உண்டு. எந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று முன்னே போகிறவன் அதில் எழுதிவிட்டுப் போவான், பின்னே வருகிறவன் நம்பி வருவான். எங்கள் பண்ணையின் பாஸ்தோரா தொட்டிக்கு நேரே ருமால்தோ எழுதியிருந்தான்: நிறையத் தண்ணீர், நல்ல தண்ணீர். தம்பி சொல்லிவிட்டானே என்று அக்கா சுமையைக் குறைத்துக்கொண்டாள். கீழே ஓர் ஊற்றில் நாலு பாட்டிலையும் நிரப்பியிருக்கலாம். ஒன்றுதான் நிரப்பினாள். தண்ணீர் கனம். முதுகு நோகிறவர்கள் செய்கிற தப்புத்தான் அது.

அதற்கும் மறுநாள் காலையில் பாஸ்தோராவுக்கு அவள் வந்து சேர்ந்தபோது பாட்டில் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது. தூரத்திலேயே மாடுகளின் கத்தல் கேட்டதாம். தண்ணீர் இருக்கிற இடத்தில் மாடு அப்படிக் கத்தாது என்பது பண்ணை ஊரில் பிறந்தவளுக்குத் தெரியும். தெரிந்தும் நடந்தாள், வேறு எங்கே போவாள்?

தொட்டி காய்ந்து கிடந்தது. அடியில் பச்சைக் கறை மட்டும். சுற்றிலும் சேறு, சேற்றை நக்கும் மாடுகள், ஓரத்தில் இரண்டு கன்றுகள் செத்துக் கிடந்தன. பெட்டியைத் திறந்தாள். மிதவை மேல் கல் உட்கார்ந்திருந்தது. வழுக்கி விழாமல் இருக்க அதைக் கம்பியோடு சேர்த்துப் பச்சைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

கூடாரம் கட்டுகிற கயிறு. கடையில் அவள் வாங்கி, தம்பிக்குப் பாதி அறுத்துக் கொடுத்த கயிறு. அந்த முடிச்சும் அவளுக்குத் தெரிந்த முடிச்சுத்தான்.

அங்கேயே உட்கார்ந்து அழ நினைத்தாளாம், கண்ணில் தண்ணீர் வரவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சேற்றைத் தோண்டித் துணியில் போட்டுப் பிழிந்தாள். மாட்டு மூத்திர நாற்றத்தோடு ஒரு மடக்கு வந்தது. குடித்தாள், வாந்தி எடுத்தாள். வாசனை பிடித்து மாடுகள் நெருக்கிக்கொண்டு வந்தன. ஒரு கிழட்டு மாடு இடித்ததில் விழுந்து முழங்கைத் தோல் பெயர்ந்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. நெடுஞ்சாலைக்கு முழுதாக ஒரு நாள் நடை, தண்ணீர் இல்லாமல் பாதி தூரம் தாண்ட மாட்டாள். போனில் சிக்னல் இல்லை, நான் எப்போது வருவேன் என்றும் அவளுக்குத் தெரியாது. தலைக்கு மேலே காற்றாலை அசையாமல் நின்றது.

அக்கா அதைத்தான் பார்த்தாள். காற்று சுற்றாவிட்டால் என்ன, கை சுற்றினாலும் சக்கரம் சக்கரந்தானே.

கல்லை உருவி எறிந்தாள். கயிற்றை முடிச்சு அவிழ்க்காமலே உருவி எடுத்து, சமைக்கிற சின்னப் பாத்திரத்தைப் பெரிய தொட்டிக்கு மேலே நீண்டிருந்த குழாயின் வாயில் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு காற்றாலையின் இரும்பு ஏணியில் ஏறினாள். கொதிக்கிற இரும்பு, காலையில் தோல் பெயர்ந்த முழங்கை, தபால் ஆபீசுக்கே மூச்சு வாங்குகிற உடம்பு. மேலே பலகையில் நின்று சக்கரத்தின் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். மூன்று சுற்றுக்கு ஒரு தரம் கீழே கம்பி ஏறி இறங்கும், குழாய் ஒரு வாய் துப்பும். மேலே நிற்கிறவள் காதுக்கு அந்தச் சத்தம் கேட்கும், தொண்டைக்கு ஒன்றும் வராது. இறங்கிக் குடித்தால்தான் உண்டு. குடித்தாள். திரும்ப ஏறினாள்.

மறுநாள் காலையில் நான் லாரியில் வந்தேன். ஓர் இலைகூட ஆடாத காலை. பாஸ்தோராவின் சக்கரம் மட்டும் சுற்றுகிறது, நிற்கிறது, சுற்றுகிறது. லாரியை நிறுத்திவிட்டு நடந்தேன். கிட்டே போன பிறகுதான் மேலே ஆள் தெரிந்தது. பாத்திரம் நிரம்பி வழிந்து, கீழே மாட்டுத் தொட்டியில் உள்ளங்கை ஆழத்துக்குத் தண்ணீர், மாடுகள் முட்டிக்கொண்டு குடிக்கின்றன. அவளைத் தோளில் தாங்கி இறக்கினேன். இரண்டு கையிலும் தோலே இல்லை. நீதான் குடிச்சாச்சே, அப்புறமும் ஏன் சுத்துன என்று கேட்டேன்.

"கத்துதுங்கடா. எப்படித் தூங்குறது?" என்றாள்.

செத்த கன்றுகளைப் பார்த்தேன். எந்தப் பாவி இந்த வேலை பார்த்தான் என்று கத்தினேன். தெரியவில்லை என்றாள். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டதைப் பார்த்தேன், கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நெடுஞ்சாலையில் காத்துக் காத்துப் பார்த்துப் பயந்துபோன ருமால்தோவும் வந்து சேர்ந்தான். அக்காவைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அழுகை பொய்யில்லை. அவனே அடுப்பு மூட்டி பீன்ஸ் சுட வைத்து மூன்று தட்டில் போட்டான். நான் கல்லைப் பற்றிச் சொன்னதும் மேசையைக் குத்தினான்.

"கல்ல வச்ச நாயி மட்டும் என் கையில கெடைக்கட்டும், தோல உரிச்சிடுவேன்" என்றான். அப்படிச் சொல்லு என்று நானும் தலையாட்டினேன்.

அக்கா என்னிடம் தன் பையிலிருந்து கயிற்றை எடுக்கச் சொன்னாள். எடுத்து மேசையில் வைத்தேன்.

"அந்த முடிச்ச அவுரு" என்றாள் தம்பியிடம்.

அவன் நகத்தால் நோண்டினான், பல்லால் கடித்து இழுத்தான். அது இன்னும் இறுகியது. சட்டென்று கை நின்றது. முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன்.

"சட்டைய அலசுனேன்க்கா. அப்புறம் நெழல்ல படுத்துத் தூங்கிட்டேன். எந்திரிச்சு அப்படியே..."

"உனக்கு ஷூ கட்டச் சொல்லிக்குடுத்தவ நான். இன்னிக்கு வரைக்கும் தப்பாத்தான் கட்டுற. பெட்டியத் தொறந்ததுமே தெரியும்டா எனக்கு." குரலை உயர்த்தவே இல்லை. "உன்னக் கொல்லாம சாகக் கூடாதுன்னுதான் அந்தச் சக்கரத்தச் சுத்துனேன்."

எனக்கு அவனை அடிக்கக் கை ஓங்கியது. அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் மண்வெட்டியோடு அவனை என்கூடப் போய்க் கன்றுகளைப் புதைத்துவிட்டு வரச் சொன்னாள், அவனும் சரி என்றான்.

பீன்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் கட்டு, அவளால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. ருமால்தோ எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டினான். பசி, வாயைத் திறந்தாள். தட்டு காலியாகும் வரைக்கும் தின்றாள், ஒரு தரம்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.